எல்பே கரையின் தாழிகள்: குஸ்டாவ் ஷ்வாண்டெஸின் ஊர்களில் ஒரு பயணம்

திங்கள், ஹார்புர்க்

ஹாம்பர்க் நகரத்தில் எல்பே ஆற்றுக்குத் தெற்கே உள்ள பகுதி ஹார்புர்க். அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் இன்று பிற்பகல் முழுவதையும் செலவிட்டேன். 1898இல் ஹெல்ம்ஸ் அருங்காட்சியகம் என்ற பெயரில் தொடங்கிய இந்த நிறுவனம், சுற்றுவட்டார மண்ணிலிருந்து கிடைத்தவற்றைப் பாதுகாப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டிருந்தது. எகிப்தையும் கிரேக்கத்தையும் தேடிச் சென்ற பெரும் பயணங்களின் காலத்தில், தன் மாவட்டத்து உருளைக்கிழங்கு வயல்களின் அடியில் கிடப்பதே தனக்குப் போதும் என்று முடிவுசெய்த மனிதர்களை இந்தப் பகுதி தொடர்ந்து பெற்றிருக்கிறது. அவர்களில் ஒருவரின் வாழ்க்கை நடந்த ஊர்களை அடுத்தடுத்துப் பார்ப்பதற்காகவே வந்திருக்கிறேன். அவர் பெயர் குஸ்டாவ் ஷ்வாண்டெஸ் (1881–1960), தொல்லியலாளர்.

ஹார்புர்கில் அவருக்கு முன்பாக நாம் சந்திப்பது வில்லி வெகெவிட்ஸை. கிராமப் பள்ளி ஆசிரியராக இருந்து, 1930இல் இந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்று, பல பத்தாண்டுகள் அதை நடத்தியவர். கீழ் எல்பேப் பகுதியில் ஈமக்காடு ஒன்று வெளிப்பட்டதாகத் தகவல் வந்தால், பெரும்பாலும் மண்வெட்டியோடு அங்கே சென்று நின்றவர் இவர்தான். பூட்டன்சென் என்ற சிற்றூரில் அவர் தோண்டிய பெரிய எரியூட்டு ஈமக்காட்டில், 150 என்று எண்ணிடப்பட்ட ஒரு புதைகுழியில் வாள்களும், குதிரையை விரட்டக் குதிகாலில் கட்டும் குதிமுட்களும், ரோமானிய வெண்கலப் பாத்திரங்களும் சேர்ந்தே கிடைத்தன. ஆனால் அந்தச் செல்வந்தனைச் சுற்றிலும் எளிய மண் தாழிகளில் நூற்றுக்கணக்கானோர் உறங்கினார்கள் என்பதும், அவர்கள் ஒவ்வொருவருக்கும் வெகெவிட்ஸ் தனித்தனியே எண் கொடுத்து, படம் வரைந்து, வெளியிட்டார் என்பதும்தான் என்னைக் கூடுதலாகக் கவர்ந்தது.

வெகெவிட்ஸால் ஒரு தாழியைக் கையில் எடுத்ததும் ஏறத்தாழ எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவருக்கு ஒரு தலைமுறை முன்பே ஷ்வாண்டெஸ் தாழி வடிவங்களின் கால வரிசையை அமைத்துவைத்திருந்ததுதான்.

செவ்வாய், பிளெகெடே

லூனபுர்க் நகரத்திலிருந்து கிழக்கே பேருந்தில் சென்றால் எல்பேக் கரையில் பிளெகெடே வருகிறது. ஷ்வாண்டெஸ் 1881 செப்டம்பரில் இங்கே பிறந்தார். சிறிய ஊர், கரை உயர்த்திய வெள்ளத்தடுப்பு மேடு, அதற்கப்பால் புல்வெளி, அதற்கப்பால் அகன்று ஓடும் ஆறு, அக்கரைக்குச் செல்லும் வண்டிப்படகு. பார்ப்பதற்கு அதிகமில்லை என்றாலும், இந்த நிலத்தின் இயல்பை இங்கே நின்றால் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளங்கள் விட்டுச்சென்ற மணலும் சரளையும் உருண்டைக் கற்களுமே தெற்கே பரந்துகிடக்கும் லூனபுர்க் புதர்வெளி. மணல் மேடுகளில் வேளாண்மை எளிதல்ல. பல நூற்றாண்டுகளாக அங்கே ஆட்டு மந்தைகளும் தேனீக்களும்தான் மனிதருக்குச் சோறு போட்டன. உழவு குறைவாக இருந்ததால் தரைக்கு ஒரு முழம் கீழே புதைத்த தாழிகள் ஈராயிரம் ஆண்டுகள் அசையாமல் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் புதர்வெளியை விளைநிலமாக மாற்றத் தொடங்கியபோதும், சாலைக்கும் வீட்டுக்கும் கல் எடுக்கத் தோண்டியபோதும் அவை கூட்டம் கூட்டமாக வெளிப்பட்டன. உழவர்களுக்கு அவை தொந்தரவு. பானையை உடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்களே மிகுதி. ஷ்வாண்டெஸ் பிறந்து வளர்ந்தது சரியாக அந்த அழிவின் காலத்தில்.

புதன், டார்ஸௌ

ஆற்றை ஒட்டியே கிழக்கே போனால் நொய் டார்ஹௌ. அதன் அருகே டார்ஸௌ. இங்கே 1870களின் தொடக்கத்தில் கிறிஸ்டியன் ஹோஸ்ட்மன் என்பவர் ஒரு தாழிக்காட்டை, அதாவது தாழிகள் புதைத்த ஈமக்காட்டை, தோண்டி, 1874இல் அதைப் பற்றி ஒரு முழு நூலை வெளியிட்டார். அச்சு மை தயாரிக்கும் தொழிலதிபர் ஒருவர், அரசு வேலையோ பல்கலைக்கழகப் பதவியோ இல்லாமல், ஒரே ஈமக்காட்டை முழுமையாகப் பதிவுசெய்து வெளியிட்டது அந்நாளில் அரிய செயல். கிறித்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்தக் காட்டில் ஆயுதங்கள் இல்லை. ஊசிகளும் உடை ஊக்குகளும் மிகுதி. தென்மேற்கே ரீஸ்டே என்ற ஊரில் கண்ட காடு இதற்கு நேர்மாறானது: ஈட்டிமுனைகள், கேடய உறுப்புகள், குதிமுட்கள். ஒரே மக்கள் ஆண்களையும் பெண்களையும் வெவ்வேறு காடுகளில் புதைத்தார்கள் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். இன்றும் இந்தப் பகுதித் தொல்லியலில் டார்ஸௌ வகை, ரீஸ்டே வகை என்று சொல்வது இதனால்தான்.

இந்த முடிவில் ஒரு வட்டம் இருப்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஆணா பெண்ணா என்று தீர்மானித்தது எலும்பை வைத்து அல்ல, பொருளை வைத்து. ஈட்டி இருந்தால் ஆண், ஊசி இருந்தால் பெண். எதுவும் இல்லாத எண்ணற்ற தாழிகளைச் சுற்றியிருப்பவற்றோடு சேர்த்துக்கொண்டார்கள். எரிந்த எலும்புத் துண்டுகளைச் சலித்து, மண்டையோட்டின் தடிப்பு, காதெலும்பின் அமைப்பு, பல் வேர் ஆகியவற்றிலிருந்து வயதையும் பாலினத்தையும் கணிக்கும் முறை பின்னரே வளர்ந்தது. பழைய அகழாய்வுகளில் பானையை எடுத்துக்கொண்டு எலும்பைக் கொட்டிவிட்ட இடங்கள் பல. அவ்வாறு இழந்ததை இனி எந்த முறையாலும் மீட்க முடியாது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

வியாழன், பாட் பெவன்சென், யாஸ்டோர்ஃப்

இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்திருந்த நாள் இது.

ஹாம்பர்கிலிருந்து ஹன்னோவர் செல்லும் ரயில்பாதையில், லூனபுர்கைத் தாண்டி, பாட் பெவன்சென் என்ற ஊரில் இறங்கினேன். இல்மெனௌ ஆறு ஓடும் இந்த ஊர் இன்று வெந்நீர்க் குளியலுக்குப் பேர்போனது. அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில் யாஸ்டோர்ஃப். செங்கல் வீடுகள், தானியக் கிடங்குகள், ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி வயல்கள். ஐரோப்பிய முன்வரலாற்றுப் பாடநூல் ஒவ்வொன்றிலும் இடம்பெற்ற பெயர் இந்தச் சிற்றூருடையது என்று இங்கே முதன்முறை வருபவர் ஊகிக்க வழியில்லை.

1897இல், பதினைந்து பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது, ஷ்வாண்டெஸ் இங்கே தோண்டத் தொடங்கினார். அவருக்கு யாரும் பணி ஆணை தரவில்லை. பிறகு ஹாம்பர்கில் பள்ளி ஆசிரியராக வேலைபார்த்துக்கொண்டே இந்த மாவட்டத்துக்கு மீண்டும் மீண்டும் வந்தார். 1904இல் யாஸ்டோர்ஃப் தாழிக்காட்டைப் பற்றிய கட்டுரை வந்தது. 1909இலும் 1911இலும் ஊல்சென், லூனபுர்க் வட்டாரக் காடுகளைப் பற்றிய விரிவான ஆய்வுகள் வந்தன. முப்பது வயதுக்குள், முனைவர் பட்டம்கூட இல்லாத ஒரு பள்ளி ஆசிரியர், வட ஜெர்மனியின் இரும்புக்காலத்துக்கு முதுகெலும்பாக ஒரு கால வரிசையைத் தந்துவிட்டார்.

அவர் கண்டதை எளிமையாகச் சொல்கிறேன். இறந்தவரை விறகடுக்கில் வைத்து எரித்தார்கள். தணல் ஆறியபின் எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி, பெரும்பாலும் ஒரு மண்பானையில் இட்டு, சிலசமயம் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, சிறு குழியில் இறக்கினார்கள். பானையைச் சுற்றிக் கற்களை அடுக்கும் வழக்கமும் உண்டு. எலும்போடு எரிந்தும் எரியாமலும் சில பொருள்கள்: உடையைச் சேர்த்துப் பிடிக்கும் ஊசி, இடைக்கச்சைக் கொக்கி, காதணி. தங்கம் இல்லை, எழுத்து இல்லை, கல்லறை மாடம் இல்லை. சதுப்பு நிலத்தில் கிடைக்கும் இரும்புத்தாதுவை உருக்கிச் செய்த துருப்பிடித்த ஊசிதான் பலருக்கு உள்ள ஒரே சொத்து. அருங்காட்சியகங்கள் போட்டிபோட்டு வாங்கும் பொருள்கள் இவை அல்ல. ஆனால் இதே வறுமைதான் ஷ்வாண்டெஸுக்குக் கைகொடுத்தது. கவனத்தைத் திசைதிருப்பும் அரும்பொருள்கள் இல்லாதபோது, கழுத்து, தோள், வயிறு என்ற பானையின் மூன்று உறுப்புகள் எப்படிப் பிரிகின்றன, எப்போது ஒன்றோடொன்று கலக்கின்றன என்பதை அவர் நூற்றுக்கணக்கான தாழிகளில் பொறுமையாகப் பார்த்தார். முதலில் மூன்று உறுப்புகளும் கூர்மையாகப் பிரிந்து நிற்கின்றன. போகப்போகத் தோள் தளர்கிறது. பின்பு கழுத்தும் உடலும் ஒரே வளைவாகின்றன. இந்த மாற்றத்தோடு ஊசிகளின் வடிவமும் சேர்ந்தே மாறுவதைக் காட்டியபோது, அந்த வரிசை வெறும் ஊகமாக இல்லாமல் ஆதாரம் பெற்றது.

இன்னொரு ஆதாரம் நிலத்திலேயே இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட காடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாக வளர்கிறது; ஆகவே மேல் கீழ் அடுக்குகள் இல்லாத இடத்திலும் எது முந்தியது, எது பிந்தியது என்பதைக் கிடைமட்டமாகப் படிக்க முடிகிறது. இதைச் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு தாழியும் எந்த இடத்தில் இருந்தது என்ற வரைபடம் வேண்டும். பானையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோன சேகரிப்பாளருக்கும் தொல்லியலாளருக்கும் உள்ள வேறுபாடு அந்த வரைபடம்தான். ஈமக்காட்டில் நின்று அளவெடுத்துக் குறிப்பெழுதும் பழக்கம் தொழிலாக மாறுவதற்கு முன்பே இங்கே ஒருவர் அதைக் கடமையாகச் செய்தார் என்பதை நினைத்துக்கொண்டே வயலோரம் நீண்ட நேரம் நடந்தேன். கோதுமை முளைத்திருந்தது, நீர் தெளிக்கும் குழாய்கள் நெடுக இழுத்துப் போடப்பட்டிருந்தன.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒன்றை நினைவூட்டலாம். 1876இல் ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளை முதலில் தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுசென்றவர் யாகோர் என்ற ஜெர்மானியர். அலெக்சாண்டர் ரீ அங்கே 1899 முதல் மேற்கொண்ட பெரிய அகழாய்வு, ஷ்வாண்டெஸ் இந்த வயல்களில் தோண்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நடந்தது. பொருநைக் கரையில் உடலையோ எலும்பையோ பெருந்தாழிகளில் வைத்தார்கள். இல்மெனௌ கரையில் எரித்த எலும்பைச் சிறு பானையில் வைத்தார்கள். வழக்கங்களுக்கிடையே தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் தாழியைக் கண்டால் முதலில் எழும் கேள்விகள் இரு இடங்களிலும் ஒன்றே என்பதால், அந்தத் தலைமுறையினர் எப்படி விடை தேடினார்கள் என்பதை ஒப்பிட்டுப் படிப்பது நமக்குப் பயன்தரும்.

வெள்ளி, ஊல்சென்

ரிப்டோர்ஃப் இன்று ஊல்சென் நகரின் ஒரு பகுதி. ஸேடோர்ஃப் பாட் பெவன்செனைச் சேர்ந்தது. வெஸன்ஸ்டெட் வடமேற்கே சற்றுத் தள்ளி இருக்கிறது. யாஸ்டோர்ஃபோடு சேர்த்து இந்த நான்கு சிற்றூர்களின் பெயர்களையே ஷ்வாண்டெஸ் தம் கால வரிசைக்குச் சூட்டினார். வெஸன்ஸ்டெட் என்பது வெண்கலக்காலத்திலிருந்து இரும்புக்காலத்துக்கு மாறும் கட்டம், யாஸ்டோர்ஃப் அதற்கடுத்தது, ரிப்டோர்ஃப் இடைக்கட்டம், ஸேடோர்ஃப் ரோமானியர் எல்பேயை எட்டுவதற்குச் சற்று முந்தைய கட்டம். ஏறத்தாழ கி.மு. 600 முதல் கிறித்து பிறப்பு வரை நீளும் இந்தக் காலம் முழுவதையும் இன்று யாஸ்டோர்ஃப் பண்பாடு என்கிறார்கள்.

உள்ளூர் வரிசையை ஆண்டுக் கணக்கோடு இணைப்பதற்கு வெளியிலிருந்து ஒரு கொக்கி தேவைப்பட்டது. கோனிக்ஸ்பெர்கைச் சேர்ந்த ஓட்டோ டிஷ்லர் 1885இல், லா டென் எனப்படும் பிந்தைய இரும்புக்காலத்து உடை ஊக்குகளை முற்காலம், இடைக்காலம், பிற்காலம் என்று பிரித்திருந்தார். தெற்கின் கெல்ட்டிய மக்கள் அணிந்த அந்த ஊக்குகளும் அவற்றைப் பார்த்துச் செய்தவையும் எல்பேக் காடுகளின் பிற்காலத் தாழிகளில் கிடைக்கின்றன. எந்தத் தாழியோடு எந்த ஊக்கு வருகிறது என்பதை வைத்து ஷ்வாண்டெஸ் தம் வரிசையை மத்திய ஐரோப்பாவின் கால வரிசையோடு பூட்டினார். எரிந்த எலும்பிலிருந்தே நேரடியாகக் கரிமக் காலக்கணிப்பு செய்ய முடிவது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் கைகூடியது. அதுவரை ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி இந்த ஊக்குகளையும் ஊசிகளையும் நம்பியே நடந்தது.

மாலையில் ஊல்சென் நூலகத்தில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸை எடுத்துப் படித்தேன். கி.பி. 98இல் எழுதிய நூலில், அக்கால ஜெர்மானியப் பழங்குடியினரின் ஈமச்சடங்கில் ஆடம்பரம் இல்லை, புகழ்பெற்றோரைக் குறிப்பிட்ட மரங்களால் எரிக்கிறார்கள், கல்லறை புல்தரை மேடுதான் என்கிறார் அவர். இந்த வட்டாரத்தின் தாழிகளோடு அது பெருமளவு பொருந்துகிறது. அதே நூலில், எல்பேப் பகுதியில் வாழ்ந்த லாங்கோபார்டியர் எண்ணிக்கையில் குறைந்த, போரில் துணிந்த இனம் என்ற குறிப்பும் உண்டு. கி.பி. 5இல் ரோமானியத் தளபதி டைபீரியஸின் படையோடு எல்பே வரை வந்த வரலாற்றாசிரியர் வெல்லேயஸும் அவர்களைப் பெயர்சொல்லி எழுதுகிறார். ரோமானிய எழுத்தும் மண்ணின் தாழியும் சந்திக்கும் இந்த இடத்தில்தான் பெரிய ஆபத்தும் காத்திருந்தது.

சனி, ஷ்லெஸ்விக்

வடக்கே நீண்ட ரயில் பயணம். இரண்டாம் உலகப் போரில் கீல் நகரம் குண்டுவீச்சில் சிதைந்தபின், அங்கிருந்த தொல்பொருள் அருங்காட்சியகம் ஷ்லெஸ்விக் நகரின் கோட்டோர்ஃப் அரண்மனைக்கு மாறியது. ஷ்வாண்டெஸ் 1929இல் கீலுக்குச் சென்று அந்த அருங்காட்சியகத்தின் தலைமையை ஏற்றார். 1891 முதல் அதை நடத்திய யோஹன்னா மெஸ்டோர்ஃப் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலத்தில் தானே கற்று உயர்ந்தவர். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனின் தாழிக்காடுகளைப் பற்றி 1886லேயே நூல் எழுதியவர். அவர் அமர்ந்த இடத்துக்கு ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியர் வந்தது பொருத்தமானதே.

கீலில் ஷ்வாண்டெஸ் செய்ததில் நான் உயர்வாக மதிப்பது, ஊர் ஊராகச் சென்று எல்லாத் தொல்லிடங்களையும் பதிவுசெய்யும் கணக்கெடுப்பை ஊக்குவித்ததையும், பட்டம் இல்லாதவர்களின் திறமையை அடையாளம் கண்டதையும். ஆல்ஃப்ரெட் ருஸ்ட் ஒரு மின்பணியாளர். மிதிவண்டியில் சிரியா வரை சென்று தோண்டியவர். பின்னர் ஹாம்பர்க் அருகே மெயன்டோர்ஃபில் பனியுக மான் வேட்டையரின் தடயங்களைக் கண்டெடுத்தார். அவருக்கு ஷ்வாண்டெஸ் துணைநின்றார்.

ஆனால் 1933க்குப் பின் இந்தத் துறை நின்ற இடத்தைப் பேசாமல் கடக்கக் கூடாது. குஸ்டாஃப் கொஸ்ஸின்னா என்ற பேராசிரியர் 1911இல், தெளிவான எல்லையுள்ள தொல்லியல் பண்பாட்டு வட்டாரம் எப்போதும் ஒரு குறிப்பிட்ட மக்களினத்துக்கே உரியது என்று வாதிட்டார். பானையிலிருந்து இனத்துக்கும், இனத்திலிருந்து நிலத்தின் மீதான உரிமைக்கும் தாவும் இந்த வாதத்தை நாஜி அரசு விரும்பி ஏற்றது. ஷ்வாண்டெஸோடு கீலில் பணியாற்றிய ஹெர்பர்ட் யான்குன், ஷ்லெஸ்விக் அருகே ஹைதாபு வைக்கிங் நகரத்தைத் திறம்படத் தோண்டியவர், நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பில் சேர்ந்து ஆக்கிரமித்த நாடுகளின் அருங்காட்சியகங்கள் வரை சென்றார். ஜெர்மானியரின் முன்னோர் என்ற பெயரைச் சுமந்த எல்லாத் துறைக்கும் அந்த ஆண்டுகளில் பணமும் பதவியும் கிடைத்தன, கீலும் விலக்கல்ல. திறமையான அகழாய்வும் தவறான அரசியலும் ஒரே கையால் நடக்க முடியும் என்பதை இந்த ஊரில் நேராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யாஸ்டோர்ஃப் மக்கள் ஜெர்மானிய மொழி பேசினார்களா? பிற்கால எழுத்துச் சான்றுகளிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் அவர்களில் பலர் பேசியிருப்பர் என்று கருத நல்ல காரணங்கள் உண்டு. எனினும் எந்தத் தாழியும் தன் மொழியைச் சொல்லவில்லை. 1962இல் ஹாஹ்மன், கொசாக், கூன் என்ற மூன்று அறிஞர்கள், கெல்ட்டியருக்கும் ஜெர்மானியருக்கும் இடைப்பட்ட நிலத்தில் இரண்டிலும் அடங்காத மக்கள் இருந்திருக்கலாம் என்று காட்டியபோது, பழைய இருபிரிவு நம்பிக்கை ஆட்டம் கண்டது.

ஞாயிறு, கோட்டோர்ஃப்

காலையில் அரண்மனைக் கூடங்களை மறுபடி சுற்றினேன். நைடாம் சதுப்பில் கிடைத்த ஓக் மரப் படகு பார்வையாளர்களை நிறுத்திவைக்கிறது. இரும்புக்காலத் தாழிகளுக்கு முன் அதிகம் பேர் நிற்பதில்லை.

ஷ்வாண்டெஸின் இன்னொரு வாழ்க்கையை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். தென்னாப்பிரிக்க வறள்நிலங்களில் கற்களைப் போலவே தோற்றமளிக்கும் சதைப்பற்றுச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தவர் அவர். ஃபௌகாரியா, டைட்டனாப்சிஸ் முதலிய பேரினங்களுக்குப் பெயரிட்டவர் அவரே; ஷ்வாண்டெஸியா என்ற பேரினம் அவர் பெயராலேயே வழங்குகிறது. இது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கது அல்ல என்பது என் கருத்து. ஒன்றுபோலவே தோன்றும் நூறு செடிகளுக்குள் நிலையான வேறுபாடு எது, தற்செயலான வேறுபாடு எது என்று பிரித்தறியும் கண்ணும், மண்பானையின் தோள் வளைவைப் பார்த்து வரிசைப்படுத்திய கண்ணும் ஒன்றுதான். இனம் என்ற சொல்லைச் செடிக்குப் பயன்படுத்துவதில் இருக்கும் உறுதியை மனிதக் கூட்டங்களுக்கு மாற்ற முடியாது என்பதை மட்டும் அவர் காலத்துத் தொல்லியல் போதிய அளவு உணரவில்லை.

1946இல் ஓய்வுபெற்றபின் அவர் 1950களிலும் இந்தச் செடிகளைப் பற்றி நூல்கள் எழுதினார். 1960 நவம்பரில் ஹாம்பர்கில் மறைந்தார். அதே காலகட்டத்தில் ரோல்ஃப் ஹாஹ்மன், ரோமானியருக்கு முந்தைய இரும்புக்காலத்தின் பிற்பகுதிக்கான கால வரிசையை வடக்கு ஐரோப்பா முழுவதற்குமாக மறுஆய்வு செய்து வெளியிட்டார். கட்டங்களின் எல்லைகள் சில இடங்களில் நகர்ந்தன, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடுகள் தெளிவாயின. ரிப்டோர்ஃப், ஸேடோர்ஃப் என்ற பெயர்களோ இன்றும் வழக்கில் இருக்கின்றன. கீழ் ஸாக்ஸனி மாநிலத்தில் 1978ஆம் ஆண்டின் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சாலைக்கோ குழாய்க்கோ மண் எடுக்கும்போது தாழி வெளிப்பட்டால் அறிவிக்க வேண்டும். ஊதியமின்றி மாவட்டங்களில் பொறுப்பேற்றுள்ள தன்னார்வலர்கள் வந்து பார்க்கிறார்கள். அவர்கள் செய்யும் முதல் வேலை, பானையைத் தொடுவதற்கு முன் அது நின்ற இடத்தை வரைபடத்தில் குறிப்பதுதான்.